இயற்கைப் பொருளில் நீர் உறிஞ்சும் பாலிமர்: கேள்வி பதில்

தேவகோட்டை: மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சி வேரில் ஊற்றினால் ஈரம் நிற்குமா?

நிற்காது. மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்படாத மாவு கரைந்து இறங்கிவிடும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கட்டுவதற்குச் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. ஐஸ்கிரீமில் சேர்க்கும் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) மூன்று பங்கு, ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் ஒரு பங்கு, இரண்டின் மொத்த எடையில் 3.75 சதவீதம் சிட்ரிக் அமிலம். கட்டி தட்டாமல் கரைத்து, தட்டில் மெல்லிசாக ஊற்றி உலர்த்தி, 80 டிகிரி ஓவனில் ஒரு நாள் வையுங்கள். மொட்டைமாடி வெயில் போதாது. சி.எம்.சி. சங்கிலிகள் ஒரே மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் இடையில் இன்னொரு செல்லுலோஸ். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பியும் ஓரம் கலையாமல் இருந்தால் கட்டு விழுந்துவிட்டது. விரலில் வழவழவென்று இழுத்தால் விழவில்லை.

காரைக்குடி: நீர் உறிஞ்சும் தூள் பாக்கெட்டில், தன் எடையைப்போல் 400 மடங்கு தண்ணீர் இழுக்கும் என்று போட்டிருக்கிறது. எனக்கு அதில் பாதிகூட வரவில்லையே?

எந்தத் தண்ணீரில் போட்டீர்கள்? பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் எடுத்த கணக்கு. போர் தண்ணீரிலுள்ள கால்சியம் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்துவிடும், கூழ் விரியாது. முற்றத்து மழைநீரிலும் போர் தண்ணீரிலும் தனித்தனியாகப் போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

புதுவயல்: மில்லில் உமி மலைபோல் கிடக்கிறது. வீட்டிலேயே சி.எம்.சி. செய்யலாமா?

வேண்டாம். உமியில் சிலிக்காவும் லிக்னினும் அதிகம், காஸ்டிக் சோடாவில் வேகவைத்துத்தான் நீக்க வேண்டும். அதற்கப்புறம் வரும் மோனோகுளோரோஅசிட்டிக் அமிலம் தோல் வழியாகவே உடம்பில் ஏறி ஆளைக் கொல்லக்கூடியது. ஆசை இருந்தால் அழகப்பா பல்கலைக்கழக வேதியியல் துறையில் போய்க் கேளுங்கள்.

கானாடுகாத்தான்: நாங்கள் விற்கும் தூளில் ஸ்டார்ச் இருக்கிறது. ‘மக்கும்’ என்று அச்சடிக்கலாம்தானே?

ஸ்டார்ச்சோடு வேறென்ன?

கானாடுகாத்தான்: அக்ரிலேட் என்ற செயற்கைப் பாலிமர். ஆனால் அமெரிக்காவிலேயே இப்படித்தானே ஆரம்பித்தார்கள்?

ஆமாம். 1970களில் அங்கே பியோரியா நகரத்து அரசு ஆய்வகத்தில் ஸ்டார்ச்சில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டவைத்துச் செய்தார்கள், ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று பெயர். அதில் நுண்ணுயிர் தின்பது ஸ்டார்ச்சை மட்டும். கார்பனோடு கார்பன் கோத்த அக்ரிலிக் சங்கிலி லேசில் அறுபடாது, மண்ணில் தங்கும்.

கானாடுகாத்தான்: அப்படியென்றால் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஈரம் காக்கும் தூளான பூசா ஹைட்ரோஜெல்லும் அப்படித்தானே? அது அரசாங்கச் சரக்கு!

அதுவும் செல்லுலோஸில் அக்ரிலேட் ஒட்டிய அரைச் செயற்கைதான். ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ போட்டால் மானாவாரிக்கு உதவும், அதை மறுக்கவில்லை. உதவுவது வேறு, முழுக்க மக்குவது வேறு. கடனுக்கு விதை வாங்கும் சம்சாரி உங்கள் அச்சை நம்பித்தான் காசு கொடுக்கிறார். ‘ஸ்டார்ச் கலந்தது’ என்று போடுங்கள், அது உண்மை.

பள்ளத்தூர்: டயப்பரைப் பிரித்துத் தொட்டியில் போடலாமா?

அது சோடியம் பாலிஅக்ரிலேட். மேலே சொன்ன அதே அக்ரிலிக் கதைதான், மண்ணில் தங்கிவிடும்.

திருப்பத்தூர்: சிட்ரிக் அமிலக் கூழ் எத்தனை மடங்கு இழுக்கும்?

மறுபடியும் மடங்கா? எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் கேட்காதீர்கள். தேயிலைப் பையில் 0.2 கிராம் போட்டு உங்கள் போர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பத்து நிமிடம் தொங்கவிட்டு எடை போடுங்கள். வெறும் பையையும் அதேபோல் நனைத்து எடை எடுத்துக் கழித்துவிடுங்கள்.