இல்லாதவரைப் படத்தில் கொண்டுவருவது: கேள்வி பதில்

இழப்பையும் கைகூடாத காதலையும் நுண்கலைப் புகைப்படமாக்க முயலும் மலையகத்து இளையவர்களின் கேள்விகளும் பதில்களும்.

தலவாக்கலை: அண்ணே, இறந்துபோன அம்மா இஸ்தோப்பில (வீட்டு முன்திண்ணையில) பாதி தெரிஞ்சும் தெரியாமலும் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும். கமராவிலேயே செய்ய முடியுமா?

முடியும் தம்பி. அம்மாவின் இடத்தில் வீட்டார் ஒருவரை நிறுத்துங்கள். கமராவை முக்காலியில் பூட்டி ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 11, ஷட்டர் 8 செக்கன் வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு இந்த அளவு ஏறக்குறையச் சரிவரும். பகலில், இஸ்தோப்பு நிழலுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டொப் என்டி ஃபில்டர் போடவேண்டும் (ஒவ்வொரு ஸ்டொப்பும் ஒளியைப் பாதியாக்கும்). நிற்பவர்மேல் ஃபோக்கஸ் பிடித்ததும் மெனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கை பட்டு ஆடாதிருக்க 2 செக்கன் டைமர் போதும்.

ஷட்டர் திறந்ததும் அவர் 4 செக்கன் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் விலகவேண்டும். மிச்ச 4 செக்கனில் பின்னால் இருப்பது அவர் உடம்பினூடாகப் பதியும். 6 செக்கன் நின்றால் உருவம் கனத்துவிடும், 2 செக்கன் என்றால் புகைபோல் ஆகிவிடும். மெதுவாக நகர்ந்தால் இழுபட்ட கறைதான் மிஞ்சும்.

பலருக்குப் பிழைப்பது உடுப்பில்தான். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் கறுப்புச் சேலையில் நின்றால், சுவரின் வெளிச்சம் உருவத்தை அநேகமாக அழித்துவிடும். வெளிர்நிறச் சேலை கட்டச் சொல்லி, காம்பராவின் (லயத்து அறையின்) இருண்ட வாசலைப் பின்னணியாக வையுங்கள்.

ஹப்புத்தளை: பனிமூட்டத்தில எடுத்தா எல்லாமே அழுக்குச் சாம்பலா வருது.

கமராவின் ஒளிமானி எந்த வெண்மையையும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போஷரை +0.7 முதல் +1.3 வரை ஏற்றி, ரோ கோப்பாக (கமரா மெருகேற்றாத மூலக்கோப்பாக) எடுங்கள். அதோடு ஐந்தாறு மீட்டருக்குள் ஒரு தேயிலைச் செடியோ கவ்வாத்து வெட்டிய கட்டையோ கறுப்பாக நிற்கவேண்டும். பக்கத்தில் ஒன்று தெளிவாக இருந்தால்தான் தூரத்தில் ஒன்று மறைவது தெரியும். பிறகு கணினியில் திருத்தும்போது பனியை நீக்கும் ஸ்லைடரைத் தொடவே வேண்டாம்.

பண்டாரவளை: அவ இப்ப இன்னொருத்தர் மனைவி. முகமும் பேரும் இல்லாம எப்படிச் சொல்றது?

அவரைக் காட்டாமலிருப்பதே சரி. முதுகுப்பக்கப் படமானாலும் ஊரார் அடையாளம் கண்டுவிடுவார்கள், பழைய படங்களையும் வைக்காதீர்கள். நீங்கள் காத்திருந்த ஒரே இடத்தை எடுங்கள்: ஸ்டேஷன் வாங்கு, பஸ் திரும்பும் முடக்கு, எதுவாயினும். 35 மிமீ லென்ஸ், இடுப்பு உயரம், முக்காலி நின்ற இடத்தில் சுண்ணக்கட்டி அடையாளம். காலை, கோச்சி வரும் நேரம், மழை, இருட்டு என்று பொழுது மட்டும் மாறட்டும். சட்டகம் கொஞ்சம் நகர்ந்தாலும் பார்ப்பவர் கண் வேறு இடம் என்று எண்ணிவிடும், காத்திருப்பு போய்விடும். ஏழெட்டுப் படம் தாராளம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் வேண்டாம். அது எல்லாருடைய கல்யாண அல்பத்திலும் இருக்கிறது, உங்கள் துயரத்தைத் தாங்காது.

பொகவந்தலாவை: அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை இங்கதான் இருக்காம். அவர் படத்தில இருக்கிற மென்மை எப்படி வரும்?

ஆம், 1875இல் இலங்கை வந்து 1879 ஜனவரியில் இறந்தவர், உங்களூர் புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். ஈரக் கண்ணாடித் தகட்டில் பல செக்கன் எடுத்ததால், இருப்பவரின் சிறு அசைவும் மூச்சும்கூடப் பதிந்தன. குவியமும் மெல்லிய பரப்பிலேயே நின்றது. இன்று 50 மிமீ லென்ஸை எஃப் 1.8இல் திறந்து, முக்காலியில் அரை செக்கன் கொடுங்கள். வெளிச்சம் கூடினால் என்டி ஃபில்டர். பிறகு கணினியில் மங்கலாக்கினால் எல்லாம் ஒரே அளவில் மங்கும், உயிர் இராது.

கொட்டகலை: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில இந்தியா போன சின்னத் தாத்தாவோட படம் கண்ணாடியில ஒட்டிருச்சு.

உரிக்காதீர்கள், முகமே கண்ணாடியோடு போய்விடும். ஜன்னல் வெளிச்சம் 45 பாகையில் பக்கவாட்டாக விழ, லென்ஸ் அளவு ஓட்டையிட்ட கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து கண்ணாடியோடேயே எடுங்கள்.

1964இன் அந்த ஒப்பந்தம் குடியுரிமையற்ற இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இங்கேயும் என்று பிரித்தது. ஒரே லயத்துக்குள்ளும் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்ளும்) பிரிவு வந்தது. அதைச் சொல்ல, சட்டம் தொங்கிய இடத்தைப் பாருங்கள். அடுப்புப்புகை படிந்த சுவரில் ஒரு வெளிர் நீள்சதுரம் இருக்கும். கதவைப் பாதி திறந்து, பக்க வெளிச்சத்தில் அதையும் எடுத்து இரண்டையும் சோடியாக வையுங்கள்.

நுவரெலியா: சாவு வீட்டில எடுக்கலாமா?

வீட்டுப் பெரியவர் சம்மதம் இல்லாமல் கூடாது. சம்மதித்தாலும் ஃப்ளாஷ் வேண்டாம். பதினாறு முடிந்தபின் போனால் வெறுமையான நாற்காலியே போதுமானதைச் சொல்லும்.

ஹட்டன்: பிரிண்ட் இருண்டு போகுது.

கணினித் திரை கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் இருப்பதே பெரும்பாலும் காரணம். அதைப் பாதியாகக் குறைத்து, நிழற்பகுதியைச் சற்று ஏற்றி, சிறு துண்டு அச்சிட்டுப் பாருங்கள். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மெட், அதாவது பளபளப்பில்லாத, பருத்தித்தாள், 5×7 அங்குலப் படம், சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மிமீ இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், இங்குள்ள ஈரத்தில் கொட்டகலைத் தம்பியின் படத்துக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.