சலீஃப் கெய்ட்டா பாடகர் ஆனது சரி, எப்படி ஆனார்?

அம்மா,

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், அல்பினிசத்தோடு (தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி குறைவு) பிறந்தவன், கண்ணாடி போட்டும் போர்டில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, நன்றாகப் பாடுகிறான், டிகிரியே வேண்டாம் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டால் மொபைலில் சலீஃப் கெய்ட்டாவைப் போட்டுக் காட்டி, "இவரும் என்னை மாதிரிதான்" என்கிறானாம். தம்பி நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் மேடையை மட்டும் பார்த்திருக்கிறான். இதைப் படிக்கும்போது அவனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

சலீஃப் 1949இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஜோலிபா என்ற ஊரில் பிறந்தவர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தா கெய்ட்டாவின் வம்சம். அங்கே பாட்டு என்பது ஜெலி எனப்படும் பாணர் குலத்தின் தொழில். அரச வம்சத்துப் பிள்ளை உட்கார்ந்து கேட்கலாம், எழுந்து பாடக் கூடாது. அதனால் வீட்டில் கடும் எதிர்ப்பு. வெள்ளைத் தோலோடு பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்ற ஊர்ப்பேச்சு வேறு.

தம்பி கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: சலீஃப் ஆசைப்பட்டது வாத்தியார் வேலைக்கு. கண்பார்வை போதாது என்று அது கிடைக்காமல் போனது. அப்புறம்தான் 1967இல் தலைநகர் பமாக்கோவுக்குப் போய்த் தெருவிலும் பார்களிலும் பாட ஆரம்பித்தார். படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. படித்தும் வேலை தர மறுத்தார்கள்.

உங்கள் மகனுக்கு அந்த நிலைமை இல்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கும். பார்வைக் குறைபாட்டோடு ஆசிரியராக இருப்பவர்கள் நம் ஊர்ப் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். பமாக்கோவில் சலீஃபுக்கு முதலில் அமைந்தது ரயில்வே ஆதரவில் நடந்த ஒரு பேண்ட். ரயில் பேண்ட் என்றே பெயர். ஸ்டேஷனை ஒட்டிய ஹோட்டலில் வாசிப்பார்கள். பக்கத்து நாடான செனகலின் தலைநகர் டாக்கரிலிருந்து வரும் ரயில் அப்போது அந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்து சேரும். சாப்பிட வந்தவர்களுக்கும் ஆட வந்தவர்களுக்கும் கியூபா பாட்டு, பிரெஞ்சுப் பாட்டு, நடுவில் ஊர்ப் பழம்பாட்டு என்று எதைக் கேட்டாலும் பாடியாக வேண்டும். என்னைக் கேட்டால் அவருடைய கல்லூரி அதுதான். வாத்தியக்காரர்களோடு தினமும் நின்று, அலுத்துப்போன பாட்டையும் சுருதி பிசகாமல் பாடுகிற பழக்கம் வீட்டில் வீடியோ போட்டால் வராது.

1973இல் லெஸ் அம்பாசடர் என்ற இன்னொரு குழுவுக்கு மாறினார். கிதார் கலைஞர் கான்டே மன்ஃபிலாவின் கூட்டு அங்கே கிடைத்தது. 1978இல் நாட்டு அரசியல் கலங்கியதும் குழுவோடு ஐவரி கோஸ்ட்டின் அபிஜானுக்குப் போனார். 1984இல் பாரிஸ். உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்த 'சோரோ' ஆல்பம் வந்தது 1987இல். பமாக்கோ தெருவில் பாட ஆரம்பித்து 20 வருடம்! அதற்குள் பெரும்பாலும் யாராவது ஒரு குழுவில்தான் பாடிக்கொண்டிருந்தார். தனியாளாகப் பேர் வாங்கியது அதற்கப்புறம்தான்.

அந்த ஆல்பத்தில் கீபோர்டும் இசைக்கோர்ப்பும் செய்தவர்களில் ஒருவர் ஜான் ஃபிலிப் ரிக்கியேல். அவருக்குப் பார்வை கிடையாது. இதையும் தம்பியிடம் சொல்லுங்கள். பாட்டுத் துறையில் மைக் முன்னால் நிற்பதைத் தவிரவும் வேலைகள் இருக்கின்றன. கீபோர்டும் ரெக்கார்டிங்கும் இப்போதே பழகிக்கொண்டால் பின்னால் சோறு போடும்.

என் யோசனை: டிகிரியில் சேரட்டும், இசையோ தமிழோ வரலாறோ, அவனுக்குப் பிடித்தது. அதே சமயம் உங்கள் ஊரில் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷனுக்குப் போகும் லைட் மியூசிக் ட்ரூப் ஒன்றில் சனி ஞாயிறு பாட விடுங்கள். கோரஸில் நிற்கச் சொன்னாலும் போகட்டும். காசு கொஞ்சம்தான் வரும், அதை அவனே வைத்துக்கொள்ளட்டும். "நம்ம குடும்பத்துல யாரும் மேடை ஏறினதில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பேச்சை மட்டும் வீட்டில் எடுக்காதீர்கள். சலீஃபின் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள், அவர் பாட்டை நிறுத்தவில்லை.

பகல் நிகழ்ச்சி என்றால் முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி கட்டாயம். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். அட்டை கைக்கு வர நாளாகும், கல்லூரி விண்ணப்பம் அதற்காகக் காத்திருக்காது.