திரைப்படக் கல்லூரி மேற்படிப்பு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன்

சவுண்ட் படிச்சவன், அதுலயே வேலை பாக்கவன். நேர்முகத் தேர்வுக்குப் போற நம்ம திருநெல்வேலிப் பிள்ளைகளுக்காக இது.

அம்பாசமுத்திரம்: பி.காம். முடிச்சிருக்கேன் அண்ணாச்சி. புனேயில டைரக்‌ஷன் படிக்க முடியுமா?

முடியும் தம்பி. புனே, கல்கத்தா ரெண்டு இடத்துலயும் இருக்க திரைப்படக் கல்லூரிகள் மத்திய அரசு நிறுவனங்கள். எந்தப் பட்டம்னாலும் விண்ணப்பிக்கலாம். டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், சவுண்ட் நாலும் மூணு வருஷம். சவுண்டுக்கு மட்டும் பிளஸ் டூவுல இயற்பியல் வேணும்.

ஏர்வாடி: சீட் வாங்கித் தாரேன்னு ஒருத்தர் முன்பணம் கேக்காரு.

குடுக்காதீங்க. எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். நடுவுல தரகருக்கு வேலையே கிடையாது.

நாங்குநேரி: எனக்கு நிறக்குருடு. கேமரா படிப்பை மறந்துரணுமா?

மறக்க வேண்டாம் தங்கச்சி. முன்னால புனேயில தடை இருந்துச்சு. நிறக்குருடைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாதுன்னு 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. தைரியமா எழுதுங்க.

வள்ளியூர்: பி.எஸ்சி. படிச்சா எடுப்பாங்களா?

அம்பாசமுத்திரத் தம்பிக்குச் சொன்னதுதான்.

பணகுடி: எங்க ஊர் சுடலைமாடன் கொடையில கணியான் கூத்தை ஃபோன்ல எடுத்திருக்கேன். நேர்முகத்துல காட்டலாமா?

காட்டலாம். தெரியாதவங்களுக்கு: கொடைங்கிறது கோயில் திருவிழா, கணியான் கூத்து அங்க கதை பாடி ஆடுற கலை. ஆனா என்ன எடுத்திருக்கீங்கன்னு முதல்ல பாருங்க. எங்கிட்ட வார பதிவுல முக்காவாசி சாமியாட்டமும், கையைக் கீறி சாமிக்கு ரத்தம் குடுக்குற கைவெட்டும்தான். அண்ணாவி, அதாவது முன்பாட்டுக்காரர், என்ன கதை பாடுதாரு, பின்பாட்டு எங்க வாங்குது, பெண் வேஷம் கட்டுனவங்க எந்த அடிக்குத் திரும்புதாங்க, எதுவும் இருக்காது. மகுடம்ங்கிற தோல் பறை ரெண்டு உண்டு: ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். அடிக்கிறதுக்கு முன்னால தோலை நெருப்புல காய்ச்சுவாங்க. காயக் காயத் தட்டிப் பாப்பாங்க, சத்தம் விறைச்சு மேல ஏறும். ராத்திரிப் பனியில தோல் தளர்ந்தா மறுபடியும் நெருப்புக்குப் போகும். அதை வெட்டாம முழுசா எடுங்க. காதை வச்சுக் கேக்கத் தெரிஞ்ச ஆளுன்னு அதுலயே புரிஞ்சிரும். ஃபோனைக் குழாய் ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போகாதீங்க, சத்தம் கிழியும்.

திசையன்விளை: சாமி காரியத்தைப் படம் எடுக்கச் சொல்லிக் குடுக்கீங்களே, சரியா?

அண்ணாவிகிட்டயும், கொடைக்கு வரி குடுக்க வரிதாரர்கிட்டயும் கேக்காம எடுத்தா தப்புதான். வேண்டாம்னா ஃபோனைப் பைக்குள்ள போட்டுட்டு உக்காந்து கேளுங்க. கேட்டதை நேர்முகத்துல வாயால சொல்லலாம்.

பணகுடி: கேட்டுத்தான் எடுத்தேன். பணமும் குடுக்கணுங்காங்க. ஊர்ல வரி பிரிச்சுக் குடுத்தாச்சே?

அது பாடுனதுக்கும் ஆடுனதுக்கும். உங்க சீட்டுக்கு அவங்க கலை பயன்படுது, அதுக்குத் தனியாக் குடுக்கணும். ஊர் பேரு, அண்ணாவி பேரு ரெண்டையும் படத்துல போடுங்க. கணியான் சமூகம் தலைமுறை தலைமுறையாக் காப்பாத்திட்டு வார கலை அது. “நாட்டுப்புற நடனம்”னு மொட்டையா எழுதி வைக்கிறதைப் பாத்தா எனக்குக் கோவம் வருது.

தென்காசி: அண்ணாச்சி, வில்லுப்பாட்டு எடுக்கலாம்லா? அதுதான பேர் போனது?

தாராளமா. ஆனா பேர் போனதுங்கிறதுக்காக எடுக்காதீங்க. நேர்முகத்துல “இதுல உனக்கு என்ன?”ன்னு கேப்பாங்க. பாளையங்கோட்டை சேவியர்ஸ் காலேஜ்ல நாட்டார் வழக்காறு படிச்சவங்க இருக்காங்க, அவங்கள்ட்ட முதல்ல பேசிப் பாருங்க.

களக்காடு: நடிப்பு?

என் துறை இல்லை. டெல்லி தேசிய நாடகப் பள்ளியையும் புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகத் துறையையும் பாருங்க.

ராதாபுரம்: பி.ஏ. தமிழ் போதுமா? ஃபீஸ் எவ்வளவு?

பட்டம் எதுன்னாலும் போதும்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு. ஃபீஸை அந்தந்த நிறுவனத்தோட அறிவிப்புல பாருங்க, தரகர்ட்ட கேக்காதீங்க.