மீட்டிங்குக்கே வராத போர்டு மெம்பரை என்ன பண்றது?

கேள்வி: கலிஃபோர்னியாவுல எங்க குடியிருப்போட ஹெச்.ஓ.ஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டுல நான் பிரசிடென்ட். மொத்தம் அஞ்சு பேர். ட்ரெஷரரா இருக்கறவர் எங்க தெருக்காரர்தான், அண்ணான்னு கூப்பிட்டுப் பழகினவர், ஆனா கொஞ்ச நாளா மீட்டிங்குக்கு வர்றதே அபூர்வமாயிடுச்சு. போன தடவை இன்னும் ரெண்டு பேருக்கும் வர முடியல, கோரம் (மீட்டிங் நடத்தத் தேவையான குறைஞ்சபட்ச ஆள்) இல்லாம கலைஞ்சு போனோம். கூரை வேலை பண்ணின கான்ட்ராக்டருக்கு ரிசர்வ் அக்கவுண்ட்ல (பெரிய ரிப்பேருக்குன்னு சேத்து வெச்ச பணம்) இருந்து போக வேண்டிய செக் இவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கு. ஓட்டுப் போட்டு அவரைத் தூக்கிடலாம்ங்கறார் ஒருத்தர், ட்ரெஷரரோட மனைவிய ப்ராக்ஸியா, அதாவது அவருக்குப் பதிலா ஓட்டுப் போட, உக்கார வைக்கலாம்ங்கறார் இன்னொருத்தர், எல்லாத்தையும் ஈமெயில்லயே முடிச்சிடலாம்னும் பேச்சு. அவர் மனசும் நோகக் கூடாது. என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம்மா. சட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், யாராவது அவருக்கு போன் போட்டு "என்னண்ணா, எல்லாம் நல்லாருக்கா"ன்னு கேட்டாங்களா? உங்க கடிதத்துல அது இல்ல. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், இல்ல பதவிய விட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்கிக்கிட்டே இருக்கலாம். சம்பளமில்லாத வேலை இது, பாதியில முடியாம போறதுல அவமானம் எதுவும் இல்ல. இதை நீங்க தனியா, நேர்ல போய்ப் பேசுங்க. வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்கற ஓப்பன் மீட்டிங்ல வெச்சு இதை எடுக்கவே எடுக்காதீங்க, அப்புறம் அவரும் வர மாட்டார், தெருவுல முகம் குடுத்தும் பேச மாட்டார்.

பேசும்போது சுத்தி வளைக்காம கேளுங்க, அடுத்த மூணு மீட்டிங்குக்கு வர முடியுமா முடியாதான்னு. நேரம்தான் பிரச்சினைன்னா நேரத்தை மாத்தலாம், வீடியோ வழியா சேந்துக்கலாம், ஒருத்தர் பேசறது மத்தவங்களுக்குக் கேக்கற மாதிரி இருந்து, நோட்டீஸ்லயும் முறைப்படி சொல்லியிருந்தா அவர் வந்ததாவே கணக்கு. முடியாதுன்னு சொன்னா ரெண்டு வரியில ராஜினாமா ஈமெயில் வாங்கிக்கோங்க. வாய்வார்த்தையா "நான் விலகிக்கறேன்"னு சொல்றதை மட்டும் நம்பி காலி இடத்தை நிரப்பிடாதீங்க.

இப்ப தூக்கற விஷயம். உங்க போர்டுல இருக்கற ஆசை எனக்குப் புரியுது, ஆனா மத்த நாலு பேர் கை தூக்கினா மட்டும் ஒரு டைரக்டரை, அதாவது போர்டு மெம்பரை, வெளிய அனுப்ப முடியாது, குடியிருப்பு வீட்டுக்காரங்க ஓட்டுப் போட்டு வந்தவர் அவர். பெரும்பாலான ஹெச்.ஓ.ஏ மாதிரி உங்களோடதும் நான்-ப்ராஃபிட் மியூச்சுவல் பெனிஃபிட் கார்ப்பரேஷனா (உறுப்பினர்களுக்காக நடக்கற, லாப நோக்கமில்லாத அமைப்பு) பதிவாகியிருந்தா கார்ப்பரேஷன்ஸ் கோட் 7221-ஆவது பிரிவு ஒரு வழி குடுக்குது: இத்தனை மீட்டிங் வரலைன்னா பதவி போகும்னு பைலாஸ்ல (சங்கத்தோட சொந்த விதிகள்) எண்ணிக்கையோட இருந்தா, போர்டே அந்த இடம் காலின்னு அறிவிக்கலாம். ஆனா அந்த விதி அவர் தேர்வாகும்போதே இருந்திருக்கணும், இன்னிக்கு சேத்துட்டு அவர் மேல பாய்ச்ச முடியாது. அதனால பைலாஸை எடுத்துப் படிங்க, மினிட்ஸ்ல (மீட்டிங் குறிப்பு) யார் வந்தாங்க யார் வரலைன்னு ஒழுங்கா பதிவாகியிருக்கான்னும் பாருங்க, அதுதான் ஆதாரம். விதியே இல்லன்னா மிச்சம் இருக்கறது வீட்டுக்காரங்க ஓட்டு, அதுவும் ரகசிய ஓட்டு. செலவு, கசப்பு ரெண்டும் உண்டு. பதவிக்காலம் முடிய சில மாசம்தான் இருக்குன்னா அந்த வழிக்கே போகாதீங்கன்னுதான் சொல்வேன்.

ஆனா உங்களுக்கு உடனே கைகுடுக்கறது வேற ஒண்ணு, இதைப் பலர் யோசிக்கறதே இல்ல. டைரக்டர் பதவி வேற, ட்ரெஷரர் பொறுப்பு வேற. பைலாஸ்ல வேற மாதிரி இல்லன்னா ட்ரெஷரரை நியமிக்கறதும் மாத்தறதும் போர்டு கையில, அதாவது அவர் டைரக்டராவே இருக்கட்டும், பணப் பொறுப்பை ஒழுங்கா வர்ற இன்னொருத்தர்கிட்ட குடுத்துடலாம், யாரையும் தூக்கின மாதிரியும் ஆகாது. ரிசர்வ் பணம் எடுக்க ரெண்டு கையெழுத்து வேணும்னு சிவில் கோட் 5510 சொல்லுது, ஆனா அதுல ஒண்ணு ட்ரெஷரரோடதா இருக்கணும்னு சொல்லல, போர்டுல எந்த ரெண்டு பேரும் போடலாம். பேங்க்ல உங்க ரெண்டு பேர் பேரு மட்டும் இருக்கறதுதான் சிக்கல்னு நினைக்கிறேன், இன்னும் ரெண்டு டைரக்டர் பேரைச் சேருங்க.

ப்ராக்ஸி வேண்டவே வேண்டாம். கார்ப்பரேஷன்ஸ் கோட் 7211-ஆவது பிரிவு டைரக்டர் ப்ராக்ஸி மூலமா ஓட்டுப் போடறதைத் தடுக்குது, அவர் மனைவி எவ்வளவு விவரமானவங்களா இருந்தாலும் சரி. ஈமெயில் முடிவும் அப்படித்தான், சிவில் கோட் 4910 படி மீட்டிங்குக்கு வெளிய போர்டு முடிவெடுக்கக் கூடாது, அவசரத்துக்கு மட்டும் விலக்கு, அதுக்கும் எல்லா டைரக்டரும் எழுத்துல சம்மதிக்கணும். பதிலே போடாத ஒருத்தரை வெச்சுக்கிட்டு அது எப்படி நடக்கும்?

கோரம் கணக்குல கவனமா இருங்க. பைலாஸ்ல வேற எண் இல்லன்னா அஞ்சுக்கு மூணு, ஒரு இடம் காலியானாலும் அதே மூணுதான். அவர் விலகினா சும்மா போட்டு வைக்காம சீக்கிரம் ஆளைப் போடுங்க, பொதுவா மிச்ச டைரக்டர்களே நியமிக்கலாம், அதையும் பைலாஸ்ல ஒருமுறை பாத்துக்கோங்க.

அடுத்த மீட்டிங் தேதிய இன்னிக்கே குறிங்க, மூணு பேர் வருவாங்கன்னு போன்ல உறுதி பண்ணிக்கோங்க. கையெழுத்து மாத்தறதையும் ட்ரெஷரர் பொறுப்பையும் அஜெண்டாவுல எழுதி, குறைஞ்சது 4 நாள் முன்னாடி நோட்டீஸ் போடுங்க, அஜெண்டாவுல இல்லாததை அங்க எடுக்க முடியாது. நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட நீங்களே விஷயத்தைச் சொல்லிடுங்க, அவர் அதை சுவத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கற மாதிரி விட்டுடாதீங்க. கான்ட்ராக்டருக்கும் எந்தத் தேதிக்குள்ள பணம் வரும்னு ஒரு வார்த்தை எழுதிப் போட்டுடுங்க.