பதினோரு வருடம் ஒத்துக்கொண்ட டை ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போனது

கேள்வி: எனக்கு 29 வயது. முன்தலையிலும் காதோரத்திலும் நரை வந்துவிட்டது. வீட்டிலேயே டை அடிக்கலாமா? அடித்த நிறம் சீக்கிரம் மங்காமலும் முடி கெடாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

அடிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நிறம் நிற்குமா, முடி கெடுமா என்று கேட்டீர்களே தவிர, டை உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் பல வருடம் அதைக் கேட்காமல் இருந்தவள். அதனால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு 24 வயதில் முதல் நரை வந்தது. வகிட்டை இடம் மாற்றி எடுத்துப் பார்ப்பது, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்காருவது, போட்டோவில் பின்வரிசையில் நிற்பது எல்லாம் நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். "நரை இயற்கைதானே, அப்படியே விட்டால் என்ன" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதில் நரைத்தவர்கள். இருபதுகளில் நரைத்தவர்களுக்கு அது வேறு விஷயம். அப்படிச் சொல்வது தவறு என்று சொல்லவில்லை. யார் தலையை யார் எப்படி வைத்துக்கொள்வது என்பது அவரவர் முடிவு, அவ்வளவுதான்.

நான் தோல் மருத்துவர் அல்ல. பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். இனி நான் சொல்லப் போவதைப் படித்தால் "வேதியியல் ஆசிரியையே இப்படிச் செய்யலாமா" என்று கேட்கத் தோன்றும். நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

30 வயதில் டை அடிக்க ஆரம்பித்தேன். ஒரே டை, ஒரே நிறம், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன் கொஞ்சம் தோலில் தடவிச் சோதிக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். முதல் முறை சோதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்தத் தாளை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை முறை ஒத்துக்கொண்டது இனிமேல் என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

உண்மையில் கடைசி மூன்று நான்கு முறை உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. டை அடித்த மறுநாள் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரிக்கும். இரண்டு நாளில் போய்விடும். வியர்வை என்று நினைத்தேன், ஒருமுறை ஷாம்புவைக்கூட மாற்றினேன். இது உங்களுக்கு நடந்தால் தயவுசெய்து அதோடு நிறுத்திவிடுங்கள். இந்தப் பதிலில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் படியுங்கள்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. என் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் இரண்டு மாதம் உழைத்து, செடிகளிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றும் ஒரு செயல்முறையைத் தயார் செய்திருந்தார்கள். சனிக்கிழமை கண்காட்சி. வியாழன் இரவு டை அடித்தேன். வெள்ளி மதியம் நெற்றியோரம் அரிக்க ஆரம்பித்தது. மாலையில் காது இரண்டும் சிவந்து கனத்தன. சனிக்கிழமை விடிகாலை எழுந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் இரண்டும் நீர் கோத்து உப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் தடவிப் பார்த்தேன், என் முகம் மாதிரியே இல்லை. நெற்றியில் கொப்புளம். முடி மறைத்த இடங்களில் நீர் கசிந்தது.

பிள்ளைகள் என்னைத் தேடியிருக்கிறார்கள். "மிஸ் வருவாங்க, மிஸ் வருவாங்க" என்று ஆரம்பிக்காமலே அரை மணி நேரம் காத்திருந்தார்களாம். பிறகு அவர்களே நடத்தி முடித்தார்கள். நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் அந்தக் காலை எனக்குத் திரும்பக் கிடைக்காது. எந்தப் பாட்டிலையும் திறக்கும் முன் மேலே ஒட்டியிருப்பதைப் படி என்று ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் சொல்பவள் நான்.

மருத்துவமனையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னும் மனதில் கிடக்கிறது. பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர் எல்லாக் கேள்வியையும் என் கணவரிடமே கேட்டார். பெயர், வயது, எப்போதிலிருந்து வீக்கம் என்று எல்லாம். எனக்குக் கண்தான் திறக்கவில்லை, வாய் பேசும். தொழில் என்ற இடத்தில் யாரையும் கேட்காமலே "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டார். வீட்டு வேலை தாழ்வு என்று நான் சொல்லவில்லை. என் அம்மா வாழ்நாள் முழுவதும் அதைத்தான் செய்தார். ஆனால் பதினேழு வருடம் பாடம் எடுத்தவளை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? டை ஒவ்வாமையில் தொழில் முக்கியமான விஷயம். முடி திருத்துபவர், துணிக்குச் சாயம் ஏற்றுபவர், வேதிப்பொருள் கையாள்பவர் என்றால் மருத்துவர் வேறு மாதிரி விசாரிப்பார். அந்தப் பதிவுத் தாள் சரியாக இருந்திருந்தால் எனக்கு இரண்டு முறை விளக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். சரி, அது போகட்டும்.

வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தோல் முழுக்க ஆறிய பிறகு முதுகில் சோதனை செய்தார்கள். சின்னச் சின்ன வட்டங்களில் வெவ்வேறு பொருள்களை வைத்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதற்கும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எனக்கு ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. பாராஃபினைலீன்டையமின். சுருக்கமாக பிபிடி.

நிரந்தர டைகளில் பெரும்பாலானவற்றில், முக்கியமாகக் கருமையான நிறங்களில், இதுவோ இதன் நெருங்கிய உறவான டொலுயீன்டையமினோதான் இருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். முடியின் மேல்பரப்பு ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. டையில் இருக்கும் அம்மோனியா போன்ற காரப்பொருள் அந்தச் செதில்களைத் தூக்கிவிடும். சிறிய மூலக்கூறான பிபிடி உள்ளே நுழையும். டையோடு கலக்கும் டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்ய, பல மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி நிறம் பெறும். பெரிதானது வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். நிரந்தரம் என்பது இதனால்தான். நுழையும்போது சிறியதாக இருப்பதால் தோலுக்குள்ளும் அதே சுலபத்தில் போகிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த தடவை ஓரிரு நாள் தாமதித்துத் தாக்கும். முதல் தடவையிலேயே வர வேண்டும் என்றில்லை, பத்தாவது வருடத்திலும் வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் தடவும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குப் பல் மருத்துவர் ஈறில் தடவும் பென்சோகெயின் மரப்பு மருந்தும் ஒத்துக்கொள்ளாது. அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் நான் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

"அம்மோனியா இல்லாதது" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தால் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அம்மோனியா இல்லை என்றால் நெடி இல்லை. அதற்குப் பதில் எத்தனாலமைன் என்ற வேறொரு காரப்பொருள் இருக்கும், பிபிடியும் இருக்கலாம். "மூலிகை", "கருப்பு மருதாணி" என்பவற்றுக்கும் இதையே சொல்வேன். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயப்பொருள் சிவப்பும் செம்பழுப்பும்தான் தரும், கருப்பு தராது. மருதாணி என்ற பெயரில் விற்கும் தூள் அரை மணி நேரத்தில் முடியைக் கருப்பாக்கினால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பின்பக்கம் இருக்கும் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். நரையை மறைக்க விரும்பும் வயதுக்காரர்களில் பாதிப் பேர் படிக்க முடியாத அளவுக்குப் பொடி எழுத்தில் அதை அச்சிடுகிறார்கள். இதற்கு ஒரு விதி வந்தே ஆக வேண்டும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களுக்கு நரை கொஞ்சம்தான் என்றால் நேராக நிரந்தர டைக்குப் போகாதீர்கள். சில அலசல்களில் மங்கும் தற்காலிக வகை நரையை முழுதாக மறைக்காது, ஆனால் மற்ற முடியோடு கலந்து தெரியும்படி செய்யும். வளரும்போது கோடு விழாது. நிரந்தரமே வேண்டுமென்றால் அடர் கருப்பு வேண்டாம், அடர் பழுப்பை எடுங்கள். கருப்பு, வளர்ந்த வேரை வெள்ளைக் கோடாகக் காட்டிக் கொடுக்கும். பிடிக்கவில்லை என்றால் எடுப்பதும் கடினம். நரை முடி பலருக்கு முரடாக இருக்கும், சாயம் சுலபத்தில் ஏறாது. அதனால் காதோரமும் முன்தலையும்தான் முதலில், மற்ற இடமெல்லாம் பிறகு. நரைக்கு 6 சதவீத டெவலப்பர் போதும், அதாவது பெட்டியில் 20 வால்யூம் என்று இருப்பது. தாளில் சொன்ன நேரம் முழுக்க விடுங்கள், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். நெற்றியோரம் வாசலின் தடவிக்கொண்டால் தோலில் கறை படியாது. கையுறை கட்டாயம். புருவத்துக்கும் இமைக்கும் தலை டையை ஒருபோதும் தடவாதீர்கள், கண் போய்விடும் அபாயம் உண்டு.

முடி கெடுவதற்குப் பெரிய காரணம், ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனி வரை இழுத்துத் தடவுவது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்தப் புது வேருக்கு மட்டும் அடித்தால் போதும். நுனி ஏற்கனவே ஐந்தாறு முறை சாயம் குடித்தது, அதற்கு மேலும் கொடுத்தால் கருத்துக் காய்ந்து நார் போல ஆகிவிடும். அடித்த பிறகு இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம். அதன் பிறகும் தினமும் அலச வேண்டாம், நனையும் ஒவ்வொரு தடவையும் முடி உப்பிக் கொஞ்சம் சாயத்தை விடும். வெதுவெதுப்பான நீர் போதும், சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, ஒவ்வொரு அலசலுக்கும் கண்டிஷனர். தூக்கிய செதில்களைப் படிய வைக்க அது உதவும். நீச்சல் குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால் குளோரின் நீர் அவ்வளவாக உள்ளே ஏறாது. சூடான கருவிகளைக் குறையுங்கள். வெயிலில் நிறம் செம்பட்டை அடிக்கும், துணியோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்போது சுத்தமான மருதாணித் தூளும், நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் தூளும் பயன்படுத்துகிறேன். முதலில் மருதாணி இரண்டு மூன்று மணி நேரம், அலசிய பிறகு அவுரி ஒரு மணி நேரம். அவுரியை வெறும் தண்ணீரில் கரைத்து உடனே தடவ வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். நரையில் அவுரியை மட்டும் தடவினால் பச்சையும் நீலமுமாகத் தெரியும், அதனால்தான் மருதாணி முன்னால். முதல் நாள் நிறம் ஒரு மாதிரி இருக்கும், இரண்டு நாளில் காற்றுப்பட்டுக் கருக்கும். அரை நாள் வேலை இது. டை போல ஒரே சீரான நிறமும் வராது. எனக்கு வேறு வழியில்லை, உங்களுக்கு இருக்கலாம். இந்தத் தூளையும் ஒவ்வொரு புதுப் பொட்டலமும் பிரித்தவுடன் தோலில் சோதித்த பிறகே தலைக்கு எடுத்துப் போகிறேன்.

அப்புறம், 29 வயதில் நரை என்றால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி12 குறைபாடும் தைராய்டு கோளாறும் இளநரைக்குக் காரணமாகலாம். பலருக்குப் பரம்பரைதான், எனக்கும் அப்பா வழியில் வந்தது. ஒன்றைப் பிடுங்கினால் பத்து வரும் என்பதில் உண்மையில்லை. ஆனாலும் பிடுங்காதீர்கள், அதே இடத்தில் நரைதான் முளைக்கும், மயிர்க்காலும் பலவீனமாகும்.

ஞாயிறு காலை அடிப்பதாக இருந்தால், வெள்ளி காலை குளித்துவிட்டு, தாளில் சொன்னபடி கொஞ்சத்தைக் காதுக்குப் பின்னால் தடவி விடுங்கள். வெள்ளியும் சனியும் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். லேசாக அரித்தாலும் அந்தப் பெட்டியைத் தலைக்கு எடுக்காதீர்கள்.