நாய்க்கு மேல்நிலைப் பயிற்சி: 35,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஒன்றரை வயது. உட்கார், இரு, வா என்றால் வீட்டுக்குள் உடனே கேட்பான். தெருவில் இறங்கினால் காதிலேயே வாங்குவதில்லை. 30 நாள் தங்களிடம் விட்டால், சங்கிலி இல்லாமல் கூடவே நடக்கவும், தூரத்திலிருந்து கூப்பிட்டால் ஓடிவரவும் பழக்கித் தருவதாக ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். 35,000 ரூபாயையும் முதலிலேயே கட்ட வேண்டும், திருப்பித் தரமாட்டார்களாம். மின்அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையான ஷாக் காலருக்குத் தனியாக 6,000. சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இந்த நிபந்தனைகளில் சேர்க்காதீர்கள்.

உங்கள் நாய்க்கு அந்தச் சொற்கள் தெரியும். ஆனால் நாய்கள் ஒரு கட்டளையை இடத்தோடும் ஆளோடும் சேர்த்தே கற்கின்றன. கூடத்தில் கேட்ட ‘இரு’வும், எதிரே இன்னொரு நாய் நிற்கும்போது கேட்கும் ‘இரு’வும் அதற்கு ஒன்றல்ல. மையத்தில் பயிற்சியாளர் சொன்னால் கச்சிதமாகச் செய்யும் நாய், வீடு திரும்பியதும் உங்களைக் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான். ஆகவே சங்கிலி உங்கள் கையில் இருக்கும் பயிற்சிக்கே பணம் கொடுங்கள். பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொல்லித்தரட்டும், மற்ற நாட்களில் நீங்கள் பத்து நிமிடம் பழக்குங்கள். காசு வகுப்புக்கு வகுப்பு. முதலில் வேறொரு நாயோடு அவர் வேலை செய்வதை நேரில் பாருங்கள். பார்க்க விடாதவரிடம் நாயை ஒப்படைக்க வேண்டாம்.

ஷாக் காலரை வாங்கவே வாங்காதீர்கள். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே அதற்குத் தடை வந்துவிட்டது. தெருவில் ஒரு குழந்தையைப் பார்க்கும் நேரத்தில் ஷாக் அடித்தால், வலிக்குக் காரணம் அந்தக் குழந்தைதான் என்று நாய் முடிவுகட்டக்கூடும். சாதுவான நாய் சீறத் தொடங்குவது இப்படித்தான். வளர்ப்பவரே தன் செல்ல நாய்க்கு இந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

வாங்க வேண்டியவை இரண்டுதான்: மார்போடு அணியும் ஹார்னஸ், பத்து மீட்டர் நீளக் கயிறு. கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், ஓடும் வேகத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். காலியான மைதானத்தில் மூன்று மீட்டரிலிருந்து கூப்பிடுங்கள். வந்ததும் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று, கூடவே பாராட்டு. பத்துக்கு எட்டு முறை உடனே வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். ‘இரு’வுக்கும் அப்படியே, ஆனால் நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் ஒரே நாளில் கூட்டினால் நாய் குழம்பிவிடும். கூப்பிட்டதும் வராத நாயை, தாமதமாக வந்த பிறகு திட்டவே கூடாது. வந்தால் திட்டு விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். போக்குவரத்துள்ள சாலையில் மட்டும் எவ்வளவு தேறிய நாயானாலும் சங்கிலியைக் கழற்றாதீர்கள்.

இனி பணம். ‘திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் உங்கள் உரிமை போய்விடாது. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, பில் தராமல் இருப்பது இரண்டுமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. எந்தெந்தக் கட்டளை, எத்தனை வகுப்பு, எந்த முறை என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கட்டியவர்கள் பிறகு எதைக் காட்டி வாதாட முடியும்? தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் சொன்ன தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.