நீலகிரித் தண்ணீர்: கேள்வி பதில்

கேள்வி: ஊட்டியில் இவ்வளவு மழை பெய்தும் மார்ச், ஏப்ரலில் குடத்தோடு அலைய வேண்டியிருக்கிறதே, ஏன்?

பதில்: மழை பெய்தால் போதுமா, தங்க இடம் வேண்டுமே. மலைக்கு அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. விரிசல் இருந்தால்தான் அதில் தண்ணீர் ஓடும். மழையைப் பிடித்து வைப்பது பாறைக்கு மேலே உள்ள மண்ணும் சோலையும் புல்வெளியும், பள்ளத்தில் கிடக்கும் சதுப்பும்தான். கோடையில் சதுப்புக்குப் போய் ஒரு பிடி பாசியை எடுத்துப் பிழிந்து பாருங்கள், விரலிடுக்கில் தண்ணீர் வழியும். ஓடைக்குக் கோடையில் கிடைப்பது அந்தத் தண்ணீர். அதைத்தான் வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டு கேரட் போடுகிறோம். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

கேள்வி: வீட்டுக்கு போர் போடலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் போடக் கூடாது. கிடைத்தாலும் அது பெரும்பாலும் கீழே ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர். உங்கள் தொட்டி நிறையும், கீழ் ஹட்டியில் (படகர் ஊரில்) குடம் காயும்.

கேள்வி: கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீரை உறிஞ்சும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஊட்டி அருகே கிளென்மார்கனில் பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். புல்வெளியில் கற்பூர மரம் நட்டபின் நீர்வரத்து, மரத்தை வெட்டும் வரையான முதல் சுற்றில் சுமார் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. அதற்காக ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். சரிவில் மண் இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் புல்லையோ சோலை மரத்தையோ வரவையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஊற்று வருடா வருடம் குறைகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அளந்து எழுதி வையுங்கள். 10 லிட்டர் வாளி நிறைய 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். மாதம் ஒருமுறை போதும். அப்புறம், அந்த ஊற்றுக்கு மழை எங்கே இறங்குகிறது என்று மேலே தேடுங்கள். சிக்கிமில் 2008 முதல் 'தாரா விகாஸ்' திட்டத்தில் அப்படி இடம் பார்த்து, நூறு நாள் வேலையில், மழை மண்ணுக்குள் இறங்க அகழி வெட்டி ஊற்றுகளை மீட்டிருக்கிறார்கள். ஆனால் நம் மலையில் செங்குத்துச் சரிவில் அகழி வேண்டாம். 2009 நவம்பர் நிலச்சரிவை மறக்க முடியுமா? நீர் ஊறிக் கனத்த மண்தான் அன்று சரிந்தது. சமதளமான மேட்டில் மட்டும் வெட்டுங்கள்.

கேள்வி: ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

பதில்: மேலே கழிவுக்குழியோ தோட்டமோ இருந்தால் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், உரமும் மருந்தும் போகாது. அதனால் பரிசோதனைக்கும் கொடுங்கள்.